அண்ணன் கொடுத்த காற்றுத் தொட்டி

திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். அதிலும் வலது மணிக்கட்டை நீக்கிப் படித்துக்கொள்ளவும்.

“இனிமே கம்ப்ரசரைப் பத்தி எங்கிட்டப் பேசாத” என்று சொல்லி நேற்றுப் போனை வைத்துவிட்டீர்கள். சரி, பேசவில்லை. எழுதுகிறேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைக் கோபத்தில் மடித்து வைத்தாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் எடுத்துப் படித்துத்தான் தீருவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் போனதால். பல் மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலிகள் இன்னும் பாதிதான் முடிந்திருக்கின்றன. ஒரு நாற்காலிக்கு ரெக்சினை இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் பின் அடிக்கவேண்டும். கை ஸ்டேப்ளரை ஒவ்வொரு பின்னுக்கும் முழுப் பலத்தோடு அமுக்கவேண்டும். இப்போது காலையில் எழுந்தால் டீ தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இப்படியே அமுக்கிக்கொண்டிருந்தால் கத்தி வைக்கவேண்டியதுதான், அதற்குப் பிறகும் பழைய கை திரும்புமா என்று சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். வேலையை விடுங்கள், இல்லை கருவியை மாற்றுங்கள் என்றார். நீங்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். இதில் யார்மேல் தப்பு என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளலாம்.

காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் இருந்தால் விரலால் தொட்டால் போதும், பின் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காற்றுக்குத்தான் ஒரு கம்ப்ரசர், அதுவும் சின்னதாக. இதில் குடி மூழ்கிப்போகிற விஷயம் எங்கே இருக்கிறது? இருக்கிறது, உங்கள் அண்ணன் வடிவத்தில் வந்தது.

பஞ்சர் கடையை மூடியதிலிருந்து அவருடைய பழைய கம்ப்ரசர் அவர் வீட்டுக் கொட்டகையில்தான் கிடந்தது. எனக்குக் கம்ப்ரசர் வேண்டும் என்று எப்படி அவர் காதுக்கு எட்டியதோ, சனிக்கிழமை அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்து நம் பின்கட்டில் இறக்கிவிட்டார். வயிறு பெருத்த தொட்டி, மேலே மோட்டார், மூடி இல்லாத பெல்ட். மேலெல்லாம் பளபளவென்று புது வெள்ளி பெயின்ட். அவரே இரண்டு கோட் அடித்தாராம். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு சங்கடம்.

ஆனால் நான் சும்மா இருப்பேனா? சுற்றி வந்து பார்த்தேன். காற்று மிஞ்சினால் தானே திறந்து வெளியே விடுவதற்கு ஒரு சேஃப்டி வால்வு இருக்குமே, அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டு முறுக்கியிருந்தது. கேட்டேன். “அது எந்நேரமும் புஸ்ஸு புஸ்ஸுன்னு கத்திட்டே இருந்துச்சும்மா. எடுத்துட்டு அடைச்சிட்டேன்” என்றார், அழுகிற குழந்தையைத் தூங்கவைத்தவர்போல. தொட்டிக்கு அடியில் தண்ணீரை வடிக்கிற திருகு எங்கே என்று குனிந்து தேடினேன். பெயின்டுக்குள் புதைந்திருந்தது. அதைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், திறந்ததே இல்லையாம். திறந்தால் பிடித்துவைத்த காற்றெல்லாம் வீணாகப் போய்விடுமாம்.

காற்றை அமுக்கினால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கும். வடிக்காவிட்டால் இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. இதை நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, “இருபது வருசம் ஓடுன வண்டி. எனக்கு என்ன ஆச்சு?” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லைதான். ஆகியிருந்தால் தள்ளிக்கொண்டு வந்திருக்கமாட்டார்.

இதைத்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றீர்கள். மாடு வெடிக்காதுங்க. அண்ணன் மனசு நோகும், வேண்டாம் என்று சொல்வதானால் நீ பட்டறையையே மூடிவிடு என்றீர்கள். அவர் மனசு நோகக்கூடாது, என் தலை போனால் பரவாயில்லையா? நான் குனிந்து பின் அடிக்கிற இடத்துக்கும் அதை வைக்கச் சொன்ன மூலைக்கும் நடுவே ஒரு சோபாகூட நிற்காது.

நான் வேறு பார்த்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, “பெருசா வாங்கிட்டீங்கன்னா நாளைக்கு பெயின்ட் அடிக்கலாம், காருக்குக் காத்துப் பிடிக்கலாம்” என்றார். என்னிடம் கார் இல்லை, நாளைக்கும் இருக்காது, நாற்காலிதான் இருக்கிறது என்றேன். ஸ்டேப்ளர் ஒரு தடவைக்கு ஒரு மடக்குக் காற்றுதான் குடிக்கும். அதற்குத் தவலை எதற்கு, செம்பு போதும். சின்னத் தொட்டியில் அடைத்துவைக்கிற ஆபத்தும் சின்னதுதான்.

பிறகு கடைக்காரர் மனைவி வந்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எண்ணெய் ஊற்றுகிற வகை வேண்டாம், காற்றோடு எண்ணெய்ப் பொட்டு வந்து துணியில் விழும், வெளிர் நிறச் சோபா என்றால் தொலைந்தது என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் இல்லாததில் மூன்றை எடுத்துவைத்தார். மூன்றையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒன்று போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நம் சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா இரவு டியூட்டி முடித்துப் பகலில்தான் தூங்குகிறார், அதனால் அது கழிந்தது. இன்னொன்று நல்ல அமைதி, ஆனால் தொட்டி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பொறித்த தகடே அதில் இல்லை. பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவேனா? மூன்றாவதில் தகடு இருந்தது, நிரம்பியதும் தானே நின்றது, சேஃப்டி வால்வில் வளையம் இருந்தது. இழுத்துப் பார்க்கலாமா என்றேன். “இழுங்க, அதுக்குத்தானே வச்சிருக்கு” என்றார். இழுத்தேன், சீறியது. விட்டேன், நின்றது. வடிகிற திருகும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. இடது கையால் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது.

என் சம்பாத்தியத்தில் வாங்கப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. பின்னால் தெரிந்து வருத்தப்படவேண்டாம் என்று முன்கூட்டியே தெரியப்படுத்துகிறேன்.

ஆனாலும் ஒன்று செய்கிறேன். அண்ணன் தொட்டியைச் சோதித்துப் பார்க்காமல் குறை சொன்னேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனையும் அவர் வீட்டு அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். தொட்டி ஜெயித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், அவர் கொடுத்ததையே வைத்துக்கொள்கிறேன். தோற்றால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத
உங்கள் மனைவி


சனிக்கிழமை

உங்களுக்கு,

தொட்டி தோற்றுவிட்டது. ஆனால் அதைக் கொண்டாட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதற்குள் உங்கள் அண்ணன் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

பிளம்பர் புதுக் குழாய் போட்டால் ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கைப் பம்பு வைத்திருக்கிறார். பெட்டி போன்றது, நிறையத் தண்ணீர் ஊற்றி நெம்புகோலை அடித்தால் அழுத்தம் ஏறும். தொட்டிக்குள் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, அந்தப் பம்பை இணைத்தார். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன் என்று அக்கா கேட்டார். தண்ணீர் அமுங்காது, தொட்டி விட்டுக்கொடுத்தால் ஒழுகும், அவ்வளவுதான். காற்று அமுங்கிக் காத்துக்கொண்டிருக்கும், தொட்டி விட்டுக்கொடுத்தால் இரும்பையும் சேர்த்துக்கொண்டு பாயும் என்று பிளம்பர் சொன்னார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். அண்ணன் மட்டும் தொட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், மாப்பிள்ளைத் தோழனைப்போல.

கடையில் அவர் அழுத்தத்தை எட்டு பார் வரைக்கும் ஏற்றி ஓட்டியவர். அதற்கும் மேலே ஏற்றி நின்றால்தான் தேறியது என்று கணக்கு. பிளம்பர் அடித்தார். இரண்டு, மூன்று, நான்கு. அண்ணன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஐந்தைத் தொடும்போது அடிவயிற்றில் வெள்ளி பெயின்ட் ஒரு இடத்தில் கொப்புளமாக எழும்பியது. நான்தான் முதலில் பார்த்தேன். எல்லோரும் குனிந்தோம். கொப்புளம் உடைந்து பழுப்புத் தண்ணீர் ஒரு நூலாக இறங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று எழும்பியது. அழுத்தம் காட்டுகிற முள் இறங்க ஆரம்பித்தது. பிளம்பர் எவ்வளவு அடித்தாலும் அது மேலே போகவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். “இதப் பக்கத்துல வச்சுக்கிட்டா இத்தன வருசம் உக்காந்திருந்தீங்க?” என்றார். அவர் குரல் கோபமாக இல்லை. அவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானே டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேன். சத்தியமாக, ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கையைத் துடைத்துக்கொண்டு, “சரி விடு. அந்த ரெண்டு எடத்துலயும் வெல்டிங் வச்சிரலாம். உனக்கு வேணாம்னா போ, சைக்கிள் கடைக்காரர் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கார், அவருக்குக் குடுத்திடறேன்” என்றார்.

சைக்கிள் கடைக்காரரை உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் எந்நேரமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காற்றுப் பிடிக்க வரிசையில் நிற்பார்கள்.

அப்படிக் கொடுக்கக்கூடாது மாமா என்று தன்மையாகத்தான் சொன்னேன். அடிவயிறு முழுக்க அரித்துப்போயிருக்கும், ஒட்டுப்போட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் பிய்யும் என்று பிளம்பரும் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. என் பொருள், நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன் என்றார்.

அங்கேதான் எனக்கு அது தோன்றியது. அவர் பொருளா? எனக்குக் கொடுத்துவிட்டாரே. நீங்களும் போனில் அடித்துச் சொன்னீர்களே, அண்ணன் உனக்குக் கொடுத்தது, உனக்கென்றே கொடுத்தது என்று. கொடுத்தது கொடுத்ததுதான். பிளம்பரை அழுத்தத்தை இறக்கித் தண்ணீரை முழுக்க வடிக்கச் சொன்னேன். அழுக்கும் துருவுமாகச் சேற்றைப்போல வந்தது. உள்ளே போய் என் பேட்டரி டிரில்லை எடுத்துவந்தேன், இரும்பு துளைக்கிற ஊசியைப் பிளம்பர் கொடுத்தார். வலது கை வலிக்கும் என்பதால் இடது கையால் பிடித்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, எல்லோரும் பார்க்க அந்தத் தொட்டியின் வயிற்றில் துளை போட்டேன். ஒன்று போதாது என்று இன்னும் நாலு போட்டேன். பிஸ்கட்டில் போவதுபோல் போயிற்று. இனி அதில் யாரும் காற்றை அடைக்க முடியாது.

தெரிந்தேதான் போட்டேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

அண்ணன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை, நேற்றுக் கத்தினார். குடும்பத்தில் பெரியவர் சின்னவர் இல்லையா, உன் புருஷன் இருந்தால் இப்படிச் செய்வாயா என்றெல்லாம் வந்தது. நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவனுக்கு அங்க கப்பல் பட்டறையில காத்து ஹோஸ் பிடுங்கி அடிச்சு ஒரு காதே போயிடுச்சு. அவன் வாயத் தொறக்காம அதே மெஷின்லதான் வேலை பாத்துட்டிருக்கான். நீ என்னடான்னா ஒரு தகரத் தொட்டிக்குப் பயந்து ஊரைக் கூட்டற.”

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் தெரிந்தது, அக்காவுக்கும் தெரியும் என்று. அண்ணனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயை எனக்கு மட்டும் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள்.

இன்றைக்கு இதற்குமேல் எழுத வராது. கோபமாக இருக்கிறேன். தொட்டியின்மேல் இல்லை.

உங்கள் மனைவி


வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

அன்புள்ள என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

நேற்று நீங்கள் போனில் சொன்னதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

புது கம்ப்ரசர் வந்துவிட்டது. ஜன்னலோரம், சுவரை ஒட்டாமல், மூச்சுவிட இடம் விட்டு வைத்திருக்கிறேன். மூன்று முள் பிளக்கை நேரே சுவரில் செருகினேன், எக்ஸ்டென்ஷன் கம்பி கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை. சாயந்தரம் நிறுத்தியதும் திருகைத் திறந்து வடித்துவிடுகிறேன். ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் வருகிறது, ஆனால் வருகிறது. பல் மருத்துவமனை நாற்காலிகள் முடிந்துவிட்டன. நர்ஸம்மா காலையில் வந்து, எப்போது வேலையை ஆரம்பிக்கப்போகிறாய், சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது ஆறு நாற்காலி முடித்துவிட்டேன் என்று சொன்னதும் நம்பவில்லை. இன்று காலை டீ தம்ளரை வலது கையாலேயே பிடித்தேன்.

அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேள் என்றீர்கள். கேட்கமாட்டேன். அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்த அவர் முகத்தை நான் மறக்கவும் இல்லை. அவர் மனசு நொந்ததற்காகச் சமாதானமாக இரண்டு வார்த்தை பேசுவேன். துளை போட்டதற்கு மட்டும் கேட்கமாட்டேன். அந்த வரிசையில் நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் இன்னும் நாலு போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அவர் இன்னும் பேசவில்லை. பேசுகிறபோது பேசட்டும்.

இனி உங்கள் காது.

லேசான அடைப்புதான், தானே சரியாகிவிடும் என்றீர்கள். அப்படியானால் அண்ணனிடம் மட்டும் ஏன் காது போய்விட்டது என்று சொன்னீர்கள்? நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றீர்கள். நான் பயப்படுகிறவள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பயந்துகொண்டு சும்மா இருக்கிறவர் நம் வீட்டில் ஒருவர்தான், அவர் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் மணல் அடித்துத் துருவைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஊரெல்லாம் துரு பெயர்க்கிறவர் சொந்த அண்ணன் தொட்டித் துருவைப் பார்க்கவேண்டாம் என்றார். இதை நினைத்து நேற்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு நெடுநேரம் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

ஹோஸ் இணைப்பு கழன்றால் துள்ளி அடிக்காமல் இருக்க ஒரு சங்கிலி போடுவார்களாமே, பிளம்பர் சொன்னார். உங்கள் இடத்தில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகாவது போட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். நீங்கள் கேட்டீர்களா என்றேன். அதற்கு நீங்கள் சொன்னது எனக்குள் இன்னும் ஓயவில்லை.

“கேட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றீர்கள்.

எவ்வளவு பயந்துபோய்ச் சொன்னீர்கள் தெரியுமா? தூக்குமேடைக்கு அனுப்புவார்கள் என்பதுபோலச் சொன்னீர்கள். வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள்? அந்த வீட்டில்தானே நான் இருக்கிறேன்?

அனுப்பட்டும். நாளைக்குக் காலையில் மேஸ்திரியிடம் போய், சங்கிலி போடாமல் ஹோஸைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் உங்கள் அண்ணனிடம் சொல்லவில்லையா? வானம் இடிந்து விழுந்துவிட்டதா? அவர்கள் சங்கிலி போட்டால் நல்லது. போடாமல் அனுப்பினால் அன்றைக்கே மூட்டையைக் கட்டுங்கள். உணவகத்துக்காரர் ஒருவர் இருபது இருக்கைக்கு உறை போட்டுத் தரக் கேட்டிருக்கிறார். ரெக்சினை இழுத்துப் பிடிக்க எனக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். முதலாளி கொஞ்சம் கோபக்காரி, ஆனால் காதுக்கு வேலை வைக்கமாட்டாள், எந்தக் காது கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவாள்.

எது என்று எனக்குத் தெரியாது. அண்ணனும் சொல்லவில்லை, உங்களிடம் கேட்கவும் நேற்று மனசு வரவில்லை. இடதா, வலதா? அதை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். கட்டிலில் நான் எந்தப் பக்கம் படுக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி